ரீட்மீ கோப்பைத் தானாக எழுதவைப்பதும் சரிபார்ப்பதும்: எதுவரை போகலாம்?

உப்புவெளி நிரலர் கேட்டது:

வணக்கம். திருகோணமலையில் நாங்கள் சிலர் சேர்ந்து, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மீன் நிறை, ஐஸ், மண்ணெண்ணெய்க் கணக்குகளைப் பதிந்துகொள்வதற்கான திறந்த மூல நிரல் ஒன்றைப் பைதன் மொழியில் எழுதி, நிரல்களைப் பகிர்ந்து சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறோம். நிரலை நிறுவிப் பயன்படுத்தும் வழி சொல்லும் ரீட்மீ கோப்பு தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் உள்ளது. நிரல் வாரந்தோறும் மாறுகிறது. ரீட்மீயோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அண்மையில் வளாக மாணவர் ஒருவர் அதைப் பார்த்து நிறுவ முயன்றார். தரவுத்தள முகவரிக்கான சூழல் மாறியின் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பின்) பெயர் எப்போதோ மாறிவிட்டிருந்ததால், அவரால் நிரலைத் தொடங்கவே முடியவில்லை.

ரீட்மீ முழுவதையும் நிரலிலிருந்தே உருவாக்கிவிடலாமா? அது முடியாதென்றால், பிழையான ரீட்மீயுடன் ஒரு மாற்றம் உள்ளே வராதபடி தடுக்கும் வழி என்ன?

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

முழுவதையும் உருவாக்க முயலாதீர்கள். நிரல் எதற்காக, யாருக்காக என்பது நிரலுக்குத் தெரியாது. அந்தப் பகுதியை மனிதர்தான் எழுத வேண்டும். ஆனால் கட்டளைத் தெரிவுகளின் பட்டியல், சூழல் மாறிகளின் அட்டவணை, தேவைப்படும் ஆகக்குறைந்த பைதன் பதிப்பு ஆகியவை ஏற்கெனவே நிரலில் ஓரிடத்தில் எழுதப்பட்டவை. அவற்றைக் கையால் இரண்டாம் முறை எழுதுவதுதான் தொல்லையின் வேர்.

இதற்கு நான் பயன்படுத்துவது, நெட் பாட்செல்டர் 2004இல் வெளியிட்ட காக் என்ற கருவி. ரீட்மீக்குள் எச்.டி.எம்.எல். குறிப்புகளாக மறைத்து ஒரு சிறு பைதன் துண்டை எழுதிவைத்தால், அதன் வெளியீட்டை அதற்குக் கீழே இருக்கும் இடத்தில் அது நிரப்பும். சுற்றியுள்ள உங்கள் எழுத்தைத் தொடாது. அதையே ‘செக்’ தெரிவுடன் ஓட்டினால் எதையும் எழுதாமல், கோப்பில் இருப்பதும் இப்போது வரவேண்டியதும் வேறுபட்டால் தோல்வி என்று மட்டும் சொல்லும். சோதனைகளைத் தானாக ஓட்டும் வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இந்த இரண்டாவது வடிவத்தையே வையுங்கள். திருத்தத்தை அங்கேயே கமிட் செய்ய (களஞ்சியத்தில் பதிய) விட்டால் வேறொரு சிக்கல் வரும்: கிட்ஹப் தரும் வழமையான டோக்கனால் (அணுகல் சாவியால்) தள்ளப்படும் கமிட், புதிய சோதனை ஓட்டத்தைத் தொடங்காது. சரிபார்க்கப்படாத கமிட் ஒன்று மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

ஒரு நுணுக்கம். கட்டளைத் தெரிவுகளைக் கையாளும் பைதன் பகுதியான ஆர்க்பார்ஸ் தரும் உதவி உரையை அப்படியே ஒட்டுவதாக இருந்தால், பைதன் பதிப்பையும் முனையத்தின் அகலத்தையும் நிலையாகக் கட்டிவையுங்கள். பைதன் 3.10இல் அந்த உரையின் தலைப்பு ஒன்று மாறியது, 3.13இல் ஓரெழுத்துக் குறுந்தெரிவும் முழுச்சொல் நெடுந்தெரிவும் அச்சாகும் முறையே மாறியது. உங்கள் நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறாத நாளிலும் சோதனை தோற்றுச் சிவப்பாகும். அப்படி இரண்டு முறை நடந்தால், எல்லோரும் சிவப்பைப் பார்த்தும் பாராதவர்களாகிவிடுவார்கள்.

நிலாவெளி வாசகி:

உருவாக்குவதைவிடச் சரிபார்ப்பதில்தான் பயன் அதிகம் என்பது என் கருத்து. அந்த மாணவருக்கு நேர்ந்ததைத் தடுக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: ரீட்மீயில் உள்ள நிறுவல் கட்டளைகளைக் கோப்பிலிருந்தே பிரித்தெடுத்து, எதுவும் நிறுவப்படாத வெறும் டொக்கர் கொள்கலனில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) வரிசையாக ஓட்டிப் பார்ப்பது. அதே கட்டளைகளை வேறொரு கோப்பில் படியெடுத்து வைத்து ஓட்டினால், படி மட்டுமே சரியாக இருக்கும்.

ரீட்மீயில் உள்ள பைதன் எடுத்துக்காட்டுகளை ஓட்டி, எழுதியிருக்கும் வெளியீடே வருகிறதா என்று பார்க்க டாக்டெஸ்ட் போதும். பைதனோடு கூடவே வருவதால் தனியாக நிறுவத் தேவையில்லை, ரீட்மீ எழுதப்படும் எளிய குறியீட்டு வடிவமான மார்க்டவுன் கோப்பையும் நேரடியாக ஏற்கும். ஆனால் எதிர்பார்க்கும் வெளியீடு எங்கே முடிகிறது என்பதை வெற்று வரியைக் கொண்டே அது அறிகிறது. ஆகவே குறிமுறைத் துண்டை மூடும் மூன்று பின்சாய்ந்த மேற்கோள் குறிகளையும் வெளியீட்டின் பகுதியென்று எண்ணிப் பிழை காட்டும். மூடுவதற்கு முன் ஒரு வெற்று வரி விட்டால் தீர்ந்தது.

இணைப்புகளைச் சோதிக்க லைச்சி என்ற கருவி நன்றாக இருக்கிறது. ஆனால் வெளித்தளங்களுக்கான இணைப்புச் சோதனையை ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டாயமாக்க வேண்டாம். எங்கோ ஒரு தளம் 429 (‘கோரிக்கைகள் மிகுதி’) என்று திருப்பி அனுப்பியதற்காக உங்கள் நண்பரின் திருத்தம் காத்துக் கிடக்கக் கூடாது. களஞ்சியத்துக்குள் இருக்கும் கோப்புகளுக்கான இணைப்புகளை மட்டும் கட்டாயமாக்கி, மற்றவற்றை வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். நேர அட்டவணையை இயல்பாக யூ.டி.சி. (உலகப் பொது) நேரத்திலேயே குறிப்பார்கள் என்பதால், இங்கே திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஓட வேண்டுமானால் 3.30 என்று எழுத வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாட்கள் எந்தச் செயற்பாடும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) ஓயும்வரை நிரலைத் தொடாதிருக்கும் குழுவாக இருந்தால் இது உங்களுக்கு நிச்சயம் நடக்கும்.

உப்புவெளி நிரலர்:

இருவருக்கும் நன்றி. மூன்று மொழிகளை என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவிடம் ஆங்கிலத்தைக் கொடுத்து மற்ற இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதவைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்:

முதல் வரைவுக்கு அது உதவும். ஒவ்வொரு முறையும் என்பதற்கு நான் உடன்படமாட்டேன். மாறாத பத்திகளும் சொல் மாறி வரும்போது, சிங்களப் பிரதியைப் பார்த்துத் தரும் நண்பர் எதைப் படிப்பது, எதை விடுவது? அதோடு செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள், இல்லாத தெரிவுகளையும் இல்லாத பொதிகளின் (நிறுவ வேண்டிய துணை நிரல்களின்) பெயர்களையும் உறுதியான தொனியில் எழுதிவிடுவதுண்டு. அப்படிக் கற்பனையாக வரும் பெயரில் வேறொருவர் தீய பொதியொன்றைப் பதிவேற்றி வைத்திருந்தால், உங்கள் ரீட்மீயை நம்பி நிறுவுபவரின் கணினிதான் பாதிக்கப்படும். யார் எழுதினாலும், மேலே சொன்ன அதே சோதனைகளைக் கடந்தே உள்ளே வர வேண்டும்.

மூன்று மொழிகளுக்கும் இரண்டு சோதனைகள் போதுமென நினைக்கிறேன். மூன்று கோப்புகளிலிருந்தும் குறிமுறைத் துண்டுகளை எடுத்து, அவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிடும் ஒரு சிறு நிரல். ஐம்பது வரிக்குள் அடங்கும். உரைப்பகுதிக்கு, எந்தக் கமிட்டின் ஆங்கில ரீட்மீயைப் பார்த்து இது எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் தலையிலும் மறைகுறிப்பாக எழுதிவைத்து, அதற்குப் பின் ஆங்கிலக் கோப்பு மாறியிருந்தால் எச்சரிக்க வேண்டும். முதலாவது சோதனை தடுக்க வேண்டும். இரண்டாவது எச்சரித்தால் போதும், ஏனென்றால் சிங்களம் தெரிந்தவர் கடலோரக் கிராமமொன்றில் வேலையாக இருக்கும் வாரத்திலும் பிழைத்திருத்தம் வெளியாக வேண்டும்.

நிலாவெளி வாசகி:

மார்க்டவுன் கோப்புகளின் எழுத்து முறையைச் சோதிக்கும் மார்க்டவுன்லின்ட்டையும் சேர்ப்பதானால், வரி நீளத்துக்கான எம்.டி.013 விதியைத் தமிழ், சிங்களக் கோப்புகளுக்கு அணைத்துவிடுங்கள். அதன் இயல்பான எல்லை 80. உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் ‘கோ’ இரண்டாகக் கணக்காகும், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் வரிகூட எல்லை தாண்டும். குறிமுறைத் துண்டுக்கு மொழி குறிப்பிடக் கேட்கும் எம்.டி.040ஐ மட்டும் மூன்றிலும் விட்டுவையுங்கள். எது ஓட்ட வேண்டிய கட்டளை, எது வெறும் வெளியீடு என்று உங்கள் பிரித்தெடுக்கும் நிரலுக்கு அந்தக் குறிதான் சொல்லும்.