ஸ்டென்ட் வைத்தவருக்கு ரஷ்ய 'கார்டியோஜென்' காப்ஸ்யூல் கொடுக்கலாமா?

வேம்படியான்
அப்பாவுக்கு 67 வயது, போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் மாமா பையன் லீவில் வந்தபோது கார்டியோஜென் என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, இது பெப்டைட், இதயத் தசையையே புதுப்பிக்கும், அங்கே வயதானவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இப்போது அப்பா, "இது இயற்கையானதாமே, அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா" என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தொடை வலி இருக்கிறது, அதற்கும் அந்த மாத்திரைதான் காரணம் என்று நினைக்கிறார். இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் வியாபாரமா?

மாத்திரைப்பெட்டி
முதலில் ஒன்று: எதையும் நிறுத்த விடாதீர்கள். ஸ்டென்டுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஸ்டேட்டினும், அதாவது அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டேட்டினும், அடுத்த அடைப்பைத் தடுக்கத்தான்.

இனி டப்பா விஷயம். இது முழுக் கட்டுக்கதை இல்லை. 1970களில் லெனின்கிராட் ராணுவ மருத்துவக் கழகத்தில் விளாதிமிர் ஹவின்சன் என்ற ராணுவ மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் கன்றுக்குட்டியின் தைமஸ், பீனியல் சுரப்பி போன்ற உறுப்புகளிலிருந்து பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி) சாறு எடுத்து ஆராய ஆரம்பித்தார்கள். 1992இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் வந்தது. ஹவின்சன் 2024இல் காலமானார். பிறகு சாறுக்குப் பதில் இரண்டு, மூன்று, நான்கு அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலிகளை ஆய்வகத்திலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கார்டியோஜென் அதில் ஒன்று: அலனின், குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம், அர்ஜினின். ஆக, அப்பா சொல்கிற "இயற்கை" இதில் இல்லை. கன்றின் இதயத்திலிருந்து எடுக்கும் வகை தனியாக விற்கிறது, வீட்டில் சைவம் என்றால் டப்பாவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் :)

இவை செல்லின் கருவுக்குள் போய் டிஎன்ஏவோடு ஒட்டி மரபணுக்களை முடுக்கிவிடும் என்பது அவர்கள் கருத்து. கார்டியோஜென் பற்றிய ஆய்வு பெரும்பாலும் எலி இதயத் திசுவைத் தட்டில் வளர்த்துப் பார்த்ததுதான். ரஷ்யாவிலேயே இந்தக் காப்ஸ்யூல் உணவுத் துணைப்பொருளாகத்தான் விற்கிறது, மருந்தாக இல்லை.

கடலோரக்காற்று
எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் எப்படி சார்? நான் இதை எடுத்தேன், படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. ஆறு வருடம் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து இறப்பு குறைந்தது என்று கட்டுரையே இருக்கிறதே.

மாத்திரைப்பெட்டி
அது 2003இல் வந்த கட்டுரை, 266 பேர், 6 முதல் 8 வருடம். ஆனால் கொடுத்தது தைமஸ், பீனியல் சாறு, அதை உருவாக்கியவர்களே செய்த ஆய்வு. அதை இந்த இதயக் காப்ஸ்யூலுக்குச் சான்றாகக் காட்டுவது வேறு வீட்டுப் பட்டாவைக் காட்டி நம் வீட்டை விற்பது போல.

அதோடு குடலில் பெப்டைட்டை முழுசாக உள்ளே இழுக்கும் கடத்தி இரண்டு, மூன்று அமினோ அமிலச் சங்கிலியைத்தான் எடுக்கும். இது நான்கு. பெரும்பகுதி அங்கேயே வெட்டுப்பட்டு, பருப்பிலிருந்து வருகிற அதே அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்துக்குப் போகும். உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததில் சந்தோஷம்தான், ஆனால் அதே சமயத்தில் நடைப்பயிற்சி, எடை, வேறு மாத்திரை எதுவும் மாறவில்லையா?

சீராளன்
பெப்டைட் என்றாலே ஏமாற்று என்றும் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிரேசிலின் ஜரராகா விரியன் விஷத்தில் ரத்த அழுத்தத்தை இறக்கும் பெப்டைட்கள் கிடைத்தன. ஒன்பது அமினோ அமிலம் கொண்ட ஒன்றை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது, ஆனால் ஊசியாக மட்டும்தான். வாய்வழி கொடுக்க முடியாததால்தான் அதைப் பார்த்துச் சின்ன மூலக்கூறாக கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை செய்தார்கள், 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று எத்தனையோ பேர் போடும் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்த வம்சம்தான்.

எதிர்ப் பக்கமும் உண்டு. நெசிரிடைட் என்று இதயம் தானே சுரக்கும் பெப்டைட்டின் நகல், இதயச் செயலிழப்புக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், அழுத்தம் இறங்கியது, மூச்சுத் திணறல் குறைந்தது, எல்லாருக்கும் திருப்தி. 2011இல் 7,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தபோது இறப்போ திரும்ப ஆஸ்பத்திரி சேர்வதோ குறையவில்லை. கார்டியோஜென் அந்த மாதிரிச் சோதனை வாசலுக்கே வரவில்லை.

வேம்படியான்
நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். அந்தத் தொடை வலிக்கு என்ன செய்வது? அதை வைத்துத்தான் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார்.

மாத்திரைப்பெட்டி
கார்டியாலஜிஸ்ட்டிடம் வலியைச் சொல்லுங்கள், டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிகே என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தசை பாதித்திருந்தால் அதில் ஏறித் தெரியும். டோஸைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டேட்டின் என்ற வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றலாம், எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம், வழி நிறைய இருக்கிறது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.