தீர்ப்பில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்: சிங்கப்பூர் பதிவுத் திருமணத்துக்கு உதவி தேவை

வணக்கம். நான் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), உட்லண்ட்ஸில் இருக்கிறேன். நான் மணக்கப்போகும் பெண் தஞ்சாவூர், விவாகரத்தானவர். தை மாதம் இங்கேயே பதிவுத் திருமணம்; இரண்டு சாட்சிகள், வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான் எங்கள் ஆசை.

சிக்கல் பெயரில். குடும்ப நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு தமிழில் இருக்கிறது, அதில் அவர் பெயர் இனிஷியலோடு. பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக, சர்நேம் இடத்தில். நம்மவர்களுக்குப் பார்த்ததும் புரியும், மற்றவர்களுக்கு இரண்டு ஆட்கள் போலத்தான் தெரியும்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாயிற்று. மொழிபெயர்ப்பாளர் உள்ளபடிதான் பெயரை எழுதினார், அது நியாயம்தான். அப்புறம் தஞ்சாவூரில் நோட்டரி முன்னிலையில் 'இரு பெயரும் ஒருவரே' என்று அஃபிடவிட் எடுத்தோம். தீர்ப்பில் திருத்தம் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் அங்குள்ள வக்கீல். இங்கே திருமண நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழிந்துதான் திருமணம் என்பதால் மார்கழி பிறக்கும்முன் தாள்கள் தயாராக வேண்டும். அந்தப் பெண் ஏற்கெனவே கோர்ட் வாசலில் நின்றது போதும், மறுபடி அனுப்ப எனக்கு மனமில்லை.

இதே மாதிரி பெயர் வித்தியாசத்தோடு இங்கே பதிவு செய்தவர்கள் சொல்லுங்கள்: நோட்டரி அஃபிடவிட்டே போதுமானதாக இருந்ததா, அல்லது அதற்கு அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) கேட்டார்களா?