பழஞ்சாயல், சாயலேற்றல், வழிப்புதினம்: மூன்று சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொற் குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கைத்தொலைபேசியில் இன்று எடுக்கும் படத்துக்குப் படச்சுருள் காலத்துத் தோற்றத்தைக் கொடுக்கும் வழக்கத்துக்கும், அப்படிக் கிடைக்கும் படத்துக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை 'பழமைப் படம்', 'தொன்மைப் படம்', 'நினைவேக்கப் படம்' ஆகியவை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 'பழஞ்சாயல்' என்பதே என் முன்மொழிவு. அதற்கான காரணம் இலங்கையின் வடக்கே வன்னியில் நாங்கள் செய்துவரும் ஒரு வேலையோடு தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உண்மையான பழைய படம் கிடைப்பதற்கு அரிய பொருள். இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வாக வாழ்ந்த குடும்பங்களின் அல்பங்கள் வீட்டோடு போயின, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டன, புதைத்துவிட்டுப் போன இடத்தில் கறையானுக்கு இரையாயின. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினரிடமிருந்து ஒரு கலியாணப் படத்தின் பிரதி வந்து சேர்ந்தால், வீட்டில் உள்ளவர்கள் மட்டுமல்ல, அயலும் கூடி நின்று பார்க்கும். இப்படிக் கிடைப்பவற்றை ஸ்கான் செய்து, ஆண்டையும் இடத்தையும் ஆட்களின் பெயரையும் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்து வைக்கும் வேலையில் நானும் சில நண்பர்களும் ஈடுபட்டிருக்கிறோம். அந்தப் பதிவேட்டில் 'பழமைப் படம்' என்று ஒரு தலைப்பு இருந்தால், 1974 இல் ஸ்ரூடியோவில் எடுத்த குடும்பப் படமும் போன மாதம் செயலியில் எடுத்த படமும் அதன்கீழ் ஒன்றாகவே போய் விழும். கலைச்சொல் என்பது இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். இந்தச் சொல்லோ பிரிந்திருப்பவற்றைச் சேர்த்துவிடுகிறது.

எங்களிடம் படம் எடுக்கப் பழகும் மாணவி ஒருத்தி, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் ஒரு படலையைப் படம் எடுத்திருந்தாள். படலைக் கட்டையில் வெற்றுப் பால்மா ரின் ஒன்று படுக்கையாக ஆணி அடித்துத் தபாற்பெட்டியாக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் குருவி கூடு கட்டிவிட்டது. வீட்டுக்காரர் ரின்னுக்குக் கீழே அட்டையில், 'உள்ளே குஞ்சு, கடிதத்தை வேலியில் செருகவும்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். படத்தின் வலப்பக்க ஓரத்தில் செம்மஞ்சள் ஒளி வழிந்திருக்கிறது, ரின்னின் துரு நல்ல ஆழமாக விழுந்திருக்கிறது, மூலைகள் இருண்டு பார்வையை அட்டையின் எழுத்துக்குக் கொண்டுபோகின்றன. மிக நல்ல படம். ஆனால் கீழ் மூலையில் செம்மஞ்சள் இலக்கத்தில் 98 என்று ஆண்டு பதிந்திருக்கிறது. ஹூஜி கேம் போன்ற செயலிகள் 1998 ஆம் ஆண்டுக் கமராவின் தோற்றத்துக்காக இவ்வாறு பதிகின்றன. வேறு எங்காவது இது வெறும் அலங்காரம். இங்கு அப்படியன்று: 1998 இல் மாங்குளம் போர்முனையாக இருந்தது, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது கோப்புக்குள் இருக்கும் உண்மைத் திகதி நீங்கிவிடுவதால், கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும் படத்தில் எஞ்சுவது அந்தப் பொய்த் திகதி மட்டுமே. நாளைக்கு ஊர் வரலாறு எழுதும் பிள்ளை இதைச் சான்றாக எடுத்துக்கொண்டால் யாரை நோவது?

இதனால் இப்படங்களை விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. எனக்கு இவை மிகவும் விருப்பம். இன்றைய தொலைபேசி மென்பொருள் ஒரே காட்சியைப் பல தடவை பதிந்து சேர்த்து, நிழலையெல்லாம் வெளிச்சமாக்கி, இலைக்கு இலை கூர்மையேற்றிவிடுகிறது. பிற்பகல் வெயிலில் ஒரு கிரவல் வீதியை அப்படி எடுத்தால் புழுதியும் தெரியாது, வெக்கையும் தெரியாது. நிழலைக் கறுப்பாகவே விட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கசியவிடும் பழைய தோற்றத்தில்தான் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் வறுக்கும் புகையும் இரணைமடு அணைக்கட்டின் அந்திநேரமும் நாங்கள் கண்ட மாதிரி விழுகின்றன. இந்த அழகுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'தொன்மை' பல நூற்றாண்டுகளைக் குறிக்கும். அதைத் தொல்லியலுக்கே விட்டுவிடலாம். 'நினைவேக்கம்' பார்ப்பவரின் மனநிலையைச் சொல்கிறது, படத்தின் இயல்பைச் சொல்லவில்லை. மேலும் படச்சுருளையே கண்டிராத பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன ஏக்கம் இருக்கப்போகிறது? 'சாயல்' என்பதோ ஒத்த தோற்றத்தை மட்டும் சொல்லி, அதே பொருள் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பேரனில் பாட்டனாரின் சாயல் இருக்கிறது என்று சொல்லும்போது யாரும் அவனைப் பாட்டனார் என்று எண்ணுவதில்லை. பழஞ்சோறு, பழஞ்சொல் என்ற வழியில் 'பழஞ்சாயல்' புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. 'பழஞ்சாயற் படம்' என்று பெயரடையாக்கவும் தடையில்லை.

இத்தோற்றத்தின் கூறுகள் எல்லாம் ஒரு காலத்தில் குறைகளாகக் கருதப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும். கமராவின் பின்கதவு ஓரத்துப் பஞ்சு நைந்துபோனால் வெளிச்சம் உள்ளே புகுந்து சுருளில் படும். அதற்கு 'ஒளிக்கசிவு' என்பது போதும். வண்ணப் படத்தின் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் பச்சைநீலச் சாயம் (cyan) முந்தி மங்கியதால்தான் எழுபதுகளின் அல்பங்கள் சிவந்து போயிருக்கின்றன. லெனின்கிராட்டில் 1984 முதல் உற்பத்தியான லோமோ எல்சி-ஏ என்ற சிறு கமராவின் வில்லை, ஓரங்களை இருளவிட்டது. அந்த இருளை விரும்பிய வியன்னா மாணவர்கள் 1992 இல் அதற்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். 2009 டிசெம்பரில் ஹிப்ஸ்டமற்றிக் செயலியும் 2010 ஒக்டோபரில் இன்ஸ்ரகிராமும் வந்தபோது, விரும்பப்பட்ட குறை மென்பொருட் கணிப்பாக மாறிக் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஓரம் இருள்வதற்கு 'விளிம்பிருள்' என்று வைக்கலாம். படச்சுருளில் ஒளியை உணரும் வெள்ளி ஏலைட்டுப் (silver halide) பளிங்குகளால் வரும் சொரசொரப்புக்கு 'மணிப்பரப்பு' என்ற சொல் ஏற்கெனவே இங்கு பேசப்பட்டது. எனக்கு அதில் மறுப்பில்லை.

ஆனால் செயலியின் 'filter' என்பதற்கு வழங்கும் 'வடிகட்டி' என்ற சொல்லில் எனக்கு மறுப்பு உண்டு. வில்லைக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தினால் அது நீல ஒளியைத் தடுத்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் வானத்தைக் கறுப்பிக்கிறது. அது உண்மையிலேயே வடிகட்டுகிறது. செயலி எதையும் வடிகட்டுவதில்லை. எடுத்து முடிந்த படத்தின்மேல் கசிவையும் மணியையும் நிறமாற்றத்தையும் கணித்து ஏற்றுகிறது. துணிக்குச் சாயமேற்றுவது என்று நம்மவர் சொல்வதை ஒட்டி, இதைச் 'சாயலேற்றல்' என்று அழைக்கலாம். சாயம், சாயல் இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பது குழப்பம் தரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நிறத்தைப் பற்றிய இந்தத் தொழிலில் அந்த நெருக்கம் சொல்லை நினைவில் வைக்கவே உதவும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது சொல், அன்றாட வழியில் எதிர்ப்படும் விசித்திரமான பொருள்களைப் பற்றியது. பால்மா ரின் தபாற்பெட்டி அந்த வகை. 'கண்டெடுப்பு' என்ற முன்மொழிவு தமிழகத்தில் பொருந்தலாம். வன்னியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெடிபொருள் அகற்றும் பணி இன்னும் முடியாத மண்ணில், வழியில் காணும் புதிய பொருளைத் தொடவோ எடுக்கவோ கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் இவர்கள். படம் எடுப்பவர் பொருளை எடுப்பதும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே விட்டுவிட்டு வருகிறார். ஆகவே 'வழிப்புதினம்' என்பதை முன்வைக்கிறேன். 'என்ன புதினம்?' என்று சந்தையிலும் பஸ்ஸிலும் விசாரிப்பதும், சனம் கூடிய இடத்தில் 'புதினம் பார்ப்பதும்' எங்கள் நாளாந்த வழக்கு. புதினம் என்றால் நாவல் என்று கொள்ளும் தமிழக வாசகருக்கு, 'வழி' என்ற முன்னொட்டு வேறுபாட்டைக் காட்டிவிடும் என்று நம்புகிறேன்.

பயன்பாட்டில் இவை எப்படி நிற்கும் என்று பார்ப்பதற்கு, மேற்சொன்ன படத்துக்கு எங்கள் பதிவேட்டில் எழுதிய குறிப்பைத் தருகிறேன்: 'வழிப்புதினம். பால்மா ரின்னில் குருவிக்கூடு, மாங்குளம்–ஒட்டுசுட்டான் வீதி. பழஞ்சாயற் படம்; ஒளிக்கசிவும் விளிம்பிருளும் செயலியில் சாயலேற்றப்பட்டவை. படத்தில் உள்ள திகதி எடுத்த திகதி அன்று.'

செயலிக்குள் ஆயத்தமாக இருக்கும் ஒவ்வொரு தோற்றத்தையும் தனியே குறிக்க இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 'சாயலேற்றி' என்றால் அது செயலி முழுவதையும் குறிப்பதாகக் கொள்ளப்படுமோ என்ற ஐயம் இருப்பதால், 'சாயல்வகை' என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாமா என்பதைச் செயலிகளைத் தமிழாக்கும் நண்பர்கள் சொல்ல வேண்டும். அவர்களுடைய மறுமொழியைப் பார்த்த பின்பே பதிவேட்டின் சொற்பட்டியலில் அதைச் சேர்ப்போம்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்