மறுமொழி: கேர்டெயில்மன்ற் – ‘கொள்குறைப்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘கேர்டெயில்மன்ற்’ (curtailment) என்ற ஆங்கில மின்துறைச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் சொற்கள் வந்து குவிந்துவிட்டன. எது அழகு, எது அழகில்லை என்று பார்ப்பதற்கு முன், இந்தச் சொல் எந்த வாக்கியத்தில் போய் உட்காரப்போகிறது என்று பார்த்துவிடலாம். இலங்கையில் அதற்கு நல்ல வாக்கியம் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் கொளுத்துகிறது, சூரிய படலங்களில் (பனல்களில்) பழுதில்லை, கம்பியும் அறுந்துவிடவில்லை. ஆனாலும் உங்கள் மின்சாரம் இப்போது வேண்டாம் என்கிறார்கள். அந்த ‘வேண்டாம்’ தான் கேர்டெயில்மன்ற்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணர் அந்த நாட்களில் காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு இன்வேட்டருக்குப் பக்கத்துப் பிறேக்கரைக் கீழே இழுத்துவிடுவார். வழக்கமாக அவருடைய போனில் காலை ஏழு மணிக்கு மெல்ல ஏறத் தொடங்கி, நண்பகலில் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கும் கோடு, அந்த நாட்களில் மூன்று மணி வரை தரையோடு கிடந்தது. பிறகு சின்ன மேடு ஒன்று, அவ்வளவுதான். வராமல் போன அந்த அலகுகளுக்கும், அவற்றை வரவிடாமல் செய்த முடிவுக்கும் பெயர் வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

> ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்த ‘மின்வெட்டு’ இருக்க, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா, ஆனால் அது வேறொரு வேலையில் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகலில், நாடு முழுக்க மின்சாரம் போனதே, அதையே எடுத்துக்கொள்வோம். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று சொன்னதை வைத்துப் பகிடி பண்ணியதோடு பலரும் அந்தக் கதையை முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டு, தேவை குறைவு. வெயில் நல்ல வெயில். சோலாரின் பங்கு அதிகம். அதனால் பாரமான சுழல் இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் கோளாறு வந்தால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அந்த 50 ஹேட்ஸை, ஆட விடாமல் தாங்கிப் பிடிப்பது அந்த இயந்திரங்களின் சுழற்சிதான். அன்றைக்கு அது போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி இயந்திரத்தைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வர நாட்கள் எடுக்கும். எனவே அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு.

ஒரே கிழமைக்குள் இரண்டு நிலைமைகள். ஞாயிற்றுக்கிழமை, தேவையோடு பார்த்தால் சூரிய மின்சாரம் கூடிப்போனது. திங்கட்கிழமை மின்சாரமே போதவில்லை. வெட்டு என்ற சொல் திங்கட்கிழமைக்கு உரியது, அதாவது பாவனையாளருக்குக் கிடைக்காமல் போவது. ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினைக்கும் அதே சொல்லைப் போட்டால், ‘சூரிய மின்வெட்டு’ என்ற தலைப்பைப் பார்த்து வெயில் இல்லாததால் மின்சாரம் நின்றது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். நேர் எதிர்ப் பொருள்.

மற்றச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடுகிறேன். ‘மின்னடக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மரண அறிவித்தல்களில் நல்லடக்கம் வாசித்து வளர்ந்த எங்களுக்கு அது சரிவராது, மன்னிக்கவும். ‘தறிப்பு’ ஓசையில் நல்ல சொல்தான், ஆனால் எதை, யார் தறிக்கிறார் என்று இன்னொரு சொல் கூடவே வேண்டியிருக்கும். இலங்கை அரச மொழிபெயர்ப்பில் ‘மட்டுப்படுத்தல்’ எல்லா இடத்துக்கும் போய் உட்காரும். இறக்குமதியை மட்டுப்படுத்துவார்கள், செலவை மட்டுப்படுத்துவார்கள், போத்தல் தண்ணீரின் விலையையும் மட்டுப்படுத்துவார்கள். கூட்ட அறிக்கையில் எழுதலாம். ஒப்பந்தத்தில் எழுதினால் வழக்கறிஞருக்குத்தான் வருமானம்.

‘உற்பத்திக் குறைப்பு’ தமிழ்நாட்டு நண்பரின் பரிந்துரை. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைக்காரர்கள் பேக்டவுன் (உற்பத்தியை இறக்கச் சொல்வது) என்று சொல்வதற்கு அது பொருந்திவருகிறது என்கிறார். எனக்கு அதில்தான் பெரிய சிக்கல். காற்று விழுந்தாலும் உற்பத்தி குறையும், திருத்த வேலைக்காக நிறுத்தினாலும் குறையும். இந்த மூன்றையும் பிரித்துக் கணக்கு வைக்கத்தானே சொல் தேடுகிறோம்? அதோடு, அந்தச் சொல் குறைப்பவராக உற்பத்தியாளரைக் காட்டுகிறது. உண்மையில் அவர் கொடுக்க ஆயத்தமாக நிற்கிறார். நாட்டின் மின்சாரத்தைப் பங்கிட்டு ஓட்டும் கட்டுப்பாட்டு நிலையம்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

யார் எடுக்கவில்லை என்பது ஏன் முக்கியம்? காசுக்காகத்தான். 2016 முதல் கூரைச் சோலாருக்கு மூன்று வழிகள் இருந்தன: நெற் மீற்றரிங் (மேலதிக அலகு கணக்கில் நிற்கும்), நெற் எக்கவுண்டிங் (மேலதிக அலகுக்குக் காசு), நெற் பிளஸ் (உற்பத்தி முழுவதையும் விற்பது). இரண்டாவதில் மேலதிகமாகக் கொடுக்கும் அலகுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா, பிறகு இருபதாம் ஆண்டு வரை 15.50 ரூபா. நெருக்கடிக் காலத்தில், 2022 இல், புதிதாகச் சேர்பவர்களுக்கு விலை 37 ரூபா வரை போனது. பின்னர் இறங்கி 2025 இல் சிறிய தொகுதிகளுக்கு 20 ரூபாவை அண்டி வந்து நின்றது. வங்கியில் கடன் எடுத்துப் படலம் போட்டவர் இந்த விலையை நம்பித்தான் மாதத் தவணை கட்டுகிறார். பிறேக்கரைக் கீழே இழுத்த நாளுக்கும் வட்டி ஓடும். வேண்டாம் என்று சொன்ன அலகுக்கும் பணம் உண்டா இல்லையா என்பது அவருக்கு நேரடிக் கேள்வி.

உண்டு என்றால் அதை யார் கட்டுவது? 2022 ஓகஸ்ற்றில் மின் கட்டணம் 75 சதவீதம் ஏறியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் ஏற்றம். 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்துக்குப் பிறகு கட்டணம் செலவை மீட்கவேண்டும் என்பது நிபந்தனை. மின் கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதன்படி கட்டணத்தை ஏற்றியும் இறக்கியும் வருகிறது. ஆகவே எடுக்காத அலகுக்குக் கொடுக்கும் பணமும் கடைசியில் எல்லோருடைய மின் பட்டியலிலும்தான் வந்து சேரும், கூரையில் எதுவும் இல்லாத வீட்டுக்காரரின் பட்டியல் உட்பட. இவ்வளவையும் சுமக்கும் சொல்லில் ‘எடுத்துக்கொள்வது’ என்ற கருத்து இல்லாவிட்டால் விவாதமே புகைமூட்டமாகிவிடும்.

அதனால்தான் ‘கொள்’ என்ற அடியிலிருந்து போகலாம் என்கிறேன். ‘மின் கொள்வனவு ஒப்பந்தம்’ இலங்கையில் வழக்கில் உள்ள சொல்தான், தமிழ்நாட்டில் கொள்முதல். ‘இந்தப் பானை கொள்ளாது’ என்று இடமில்லை என்ற பொருளிலும் சொல்வோம். வாங்குவது, இடமிருப்பது இரண்டும் ஒரே வேரில் கிடைக்கின்றன. மின்தொகுதி, அதாவது நாட்டின் மின் வலையமைப்பு, ஒரு மின்சாரத்தை எடுக்காமல் விடுவதற்கும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்: தாங்காது, அல்லது வேறிடத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ‘கொள்வனவுக் குறைப்பு’ என்று முழுதாக எழுதலாமே என்றால், நெற் மீற்றரிங்கில் காசுக் கொள்வனவே இல்லை. அலகு அடுத்த மாதக் கணக்குக்குப் போகும், அவ்வளவுதான். எனவே வெறும் ‘கொள்’ போதும்: கொள்குறைப்பு. ஆட்குறைப்பு, விலைக்குறைப்பு என்று வாய்க்குப் பழகிய அமைப்பு.

முதலில் நான் ‘கொள்மறுப்பு’ பக்கம்தான் சாய்ந்திருந்தேன். இந்த இழையில் தங்கச்சி ஒருவர் எழுதிய எதிர்ப்பு நியாயமானது: மறுப்பு என்றால் சபைமீது குற்றம் சாட்டுவது போல இருக்கிறது, பாதியாகக் குறைக்கச் சொன்னால் அது மறுப்பும் ஆகாது. குறைப்பு அந்த இரண்டையும் தீர்க்கிறது. குதிரைக்குக் கொள்ளைக் குறைப்பது போல ஒலிக்கிறது என்று இன்னொருவர் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. சிரித்தேன். கொள்முதலைப் பார்த்து யாரும் குதிரையை நினைப்பதில்லை என்பதுதான் தைரியம்.

அப்புறம், வராமல் போன அலகுக்கு ‘கொள்ளாமின்’ என்று எழுதியிருந்தீர்கள். கேண்மின், செல்மின் என்று படித்த பழந்தமிழ் ஏவல் உடனே காதில் விழுகிறது. ‘வாங்காதீர்கள்’ என்று கட்டளை இடுவது போல. ‘கொள்ளா அலகு’ என்று பிரித்து எழுதினால் வம்பில்லை. அதற்குப் பணம் உண்டென்றால் ‘கொள்ளா அலகுக் கொடுப்பனவு’. செயலுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று இரண்டு சொல் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

வகைகளும் தேவைப்படும். மேலே சொன்ன விடுமுறை வேண்டுகோள் பாதுகாப்புக் கொள்குறைப்பு: தொகுதி தாங்காது என்பதால் வந்தது. மலிவான மின்சாரம் வேறு இருக்கிறது என்று நிறுத்தினால் அது விலைக் கொள்குறைப்பு. மன்னாரில் இரண்டும் கலந்து வரக்கூடிய இடம் இருக்கிறது. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் மே முதல் செப்ரெம்பர் வரைதான் அங்கே காற்றாலைக்கு அறுவடைக் காலம். அதே சோளகம்தான் மலையகத்தின் மேற்குச் சரிவில் மழையாக இறங்கி, காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. தண்ணீர் நிரம்பி வழியப் போகிறது என்றால் நீர்மின்னை ஓட்டாமல் விட யாருக்கும் மனம் வராது. மன்னாரில் 2020 முதல் ஓடும் தம்பபவனி, 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற், சபை சொந்தமாகக் கட்டிய நிலையம். அதை இரவில் நிறுத்தினால் யாருக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. தனியார் நிலையத்தை நிறுத்தினால் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்று இலக்கு வைத்திருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பெருக்கும்.

எல்லையில் நிற்கும் ஒன்று. கிராமத்துக் கம்பி வழியில் நண்பகல் வேளை எல்லா வீட்டுச் சோலாரும் ஒன்றாகக் கொட்டும்போது, 230 வோல்ற்றில் நிற்கவேண்டிய மின்னழுத்தம் ஏறி, இன்வேட்டர் தானாகவே விலகிக்கொள்ளும். யாரும் கட்டளை இடவில்லை. இதையும் சேர்க்கவேண்டும் என்று சிலர் வாதிடலாம், ஏனென்றால் இழப்பு ஒன்றுதான். நான் சேர்க்க மாட்டேன். கட்டளை இருந்தால் திகதி இருக்கும், நேரம் இருக்கும், கொள்ளா அலகைக் கணக்கிட்டுக் கேட்கலாம். தானே விலகியதற்கு ‘அழுத்த விலகல்’ என்று தனிப்பெயர் வைக்கலாம். அது கம்பியையும் மின்மாற்றியையும் பெரிதாக்கித் தீர்க்கவேண்டிய விவகாரம். பற்றரி இரண்டுக்கும் மருந்து. மாலை உச்ச நேரத்தில், அதாவது 6.30 முதல் 10.30 வரை, பற்றரியிலிருந்து கொடுக்கும் அலகுக்குப் பகல் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2025 விலைப்பட்டியலில் போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

சரி, எழுதிப் பார்ப்போம்:

“விடுமுறை நாட்களில் தேவை குறைவதால், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்துக்குக் கொள்குறைப்பு அறிவிக்கப்படுகிறது.”

“பாதுகாப்புக் கொள்குறைப்பின்போது கொள்ளா அலகுகளுக்குக் கொடுப்பனவு இல்லை.”

இரண்டாவது வாக்கியத்தை வாசித்ததும் பக்கத்து வீட்டு அண்ணர் “ஏன் இல்லை?” என்று சண்டைக்கு வந்தார். விளக்கம் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நெற் எக்கவுண்டிங்குக்கு ‘நிகரக் கணக்கீடு’ சரியா என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். இதில் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். கொள்குறைப்புக்கு எதிர்ப்பு உள்ளவர்கள் மேலே உள்ள இரண்டு வாக்கியங்களிலும் தங்கள் சொல்லைப் போட்டு அனுப்புங்கள்.