எவ்வளவு உழைத்தாலும் ‘போதாது’ என்ற எண்ணம் ஏன் அகலுவதில்லை?

கேள்வி

வணக்கம். கணக்குத் தணிக்கைப் பணியில் 12 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற மாதம் ஓர் அறிக்கையை மாலை 6 மணிக்கே முடித்துவிட்டேன். ஆனாலும் கோப்பை மூடுவதும் மறுபடி திறப்பதுமாக இருந்து, ஒரே கூட்டுத்தொகையை நான்காம் முறை சரிபார்த்து முடித்தபோது மணி 11 ஆகியிருந்தது. பிழை ஒன்றும் இல்லை. மறுநாள் மேலாளர் பாராட்டியபோது ஏற்பட்ட மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ‘இந்த முறை தப்பித்தோம், அடுத்த முறை குட்டு வெளிப்பட்டுவிடும்’ என்ற எண்ணமே மேலோங்கியது. இதை வேலைப்பளு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, ஏனெனில் அந்த 5 மணி நேரத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை எது, அதை எப்படிக் கேள்விக்கு உட்படுத்துவது?

பதில் 1

‘குட்டு வெளிப்பட்டுவிடும்’ என்ற அச்சத்தைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சாதனைகளுக்குச் சான்றுகள் குவிந்திருந்தும், தாம் பிறரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவே கருதிய பெண்களைப் பற்றியது அது; பின்னர் இது ஆண்களிடமும் காணப்படுவது தெரியவந்தது. அச்சத்தால் அளவுக்கு மீறி உழைக்கிறோம், வேலை நன்றாக முடிகிறது, ஆனால் அந்த வெற்றி முழுவதும் கூடுதல் உழைப்பின் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறதே தவிர நம் திறமையின் கணக்கில் ஒரு காசும் ஏறுவதில்லை. (தணிக்கையாளரான உங்களுக்கு இந்தப் பதிவு முறையின் கோளாறு உடனே விளங்கும்.) நான்கு முறை சரிபார்த்ததால்தான் பிழையில்லை என்று நம்புகிறீர்கள், ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பை உங்களுக்கு நீங்களே இதுவரை அளித்ததில்லை. பாராட்டு இந்த நம்பிக்கையை அசைக்காததற்குக் காரணமும் அதுவே.

பதில் 2

நான் சற்று மாறுபடுகிறேன். ‘உங்கள் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரை, ஆள் பற்றாக்குறையை ஊழியரின் மனக்குறையாக மாற்றிக் காட்டும் தந்திரமாகவும் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். அந்த உடல் ஆபத்து, நேரத்தை யார் கேட்டார்கள் என்று பார்த்து வருவதில்லை. ஆகவே முதலில் உங்கள் வாரத்தை மணிக்கணக்கில் எழுதி, அலுவலகம் கேட்டது எவ்வளவு, நீங்களாகச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முன்னதற்குத் தீர்வு, மேலாளரிடம் பேசுவது. பின்னதற்குத்தான் முதல் பதில் பொருந்தும்.

பதில் 3

நம்பிக்கையை ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்ற வடிவில் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘ஒரு முறை மட்டும் சரிபார்த்தால் பிழை தங்கிவிடும், பிழை தங்கினால் என்னைத் தகுதியற்றவன் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.’ இதில் இரண்டு கணிப்புகள் இருக்கின்றன. இரண்டையும் சோதிக்க முடியும். மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த, எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற உதவும் சிந்தனைவழிச் சிகிச்சையில் இத்தகைய சிறு சோதனைகளுக்கு முக்கிய இடம் உண்டு. பெரிய அறிக்கையில் தொடங்க வேண்டாம். தவறினாலும் திருத்திவிடக்கூடிய ஒரு குறிப்பில் தொடங்குங்கள், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முன்கூட்டியே எழுதாவிட்டால், முடிவு நல்லதாக வந்த பிறகு ‘இது எளிய வேலை, கணக்கில் சேராது’ என்று மனம் அளவுகோலை உயர்த்திவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் ஐந்து குறிப்புகளை ஒரே முறை பார்த்து அனுப்பினேன். நான்கில் பிழை இல்லை. ஐந்தாவதில் ஒரு தேதி தவறாக இருந்தது. பெற்றவர் ‘தேதியை மட்டும் மாற்றி அனுப்பவும்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினார், மாற்றி அனுப்பினேன், அத்துடன் பேச்சு முடிந்தது. நான் முன்கூட்டி எழுதி வைத்திருந்த கணிப்போ அரைப் பக்கம் இருந்தது. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது சிரிப்பு வந்தது என்பது உண்மை. ஆனாலும் நேற்றிரவு பெரிய அறிக்கையை இரண்டாம் முறை திறந்துவிட்டேன். மூன்றாம் முறை திறக்கவில்லை.