'சார்பு இல்லை' என்று திரையில் வந்தால் நல்லதா, கெட்டதா?

மதுரை, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். வெள்ளி மாலை ஆய்வக வழிகாட்டி அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: டிபெண்டன்சி, அதாவது ஒரு மென்பொருள் ஓடத் தேவையான இன்னொரு மென்பொருள். அதற்கு 'சார்பு' என்று போட்டிருந்தேன்.

எங்கள் டெபியன் (லினக்ஸ்) கணினிகளில் கிராபிக்ஸ் டிரைவர் நிறுவ ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, அதன் செய்திகளை நானே தமிழில் போட்டேன். நேற்று ஒரு முதலாண்டு மாணவி அதை ஓட்டினாள். 'சார்புகள் இல்லை: கெர்னல் ஹெடர், 32 பிட் லிப்ஜிஎல். தொடரலாமா?' என்று கேட்டிருக்கிறது. முதலாவது லினக்ஸின் மையமான கெர்னலுக்கு மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள், இரண்டாவது திரையில் படம் வரையும் லைப்ரரி. இரண்டும் கணினியில் இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். 'ஆம்' என்று தட்டிவிட்டாள். மறுபடி பூட் ஆனதும் கருப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஏன்மா தொடர்ந்தே என்று கேட்டால், "சார்பு இல்லைன்னா எதையும் நம்பி இல்லைன்னுதானே மிஸ்? மதச்சார்பின்மை மாதிரி" என்கிறாள். திட்ட வாய் வரவில்லை. அவள் படித்தது சரிதான்.

போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' படித்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சார்பு (ஃபங்ஷன்) வேறு. டிபெண்டன்சிக்கு வேறு சொல் தாருங்கள்.

கோவை, அதே இரவு

அக்கா, சொல்லு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல மெஷினை எழுப்புங்க. யூநேம் -ஆர் கட்டளை என்ன காட்டுதோ அதே பதிப்போட ஹெடர் பொதி (பேக்கேஜ்) வேணும். அது இல்லாம டிரைவரோட கெர்னல் மாட்யூல் கம்பைல் ஆகாது. கூடவே வந்த நூவோ டிரைவரை முடக்கியாச்சு, புதுசும் ஏறலை, அதான் கருப்பு. 32 பிட் மென்பொருளுக்கு 64 பிட் லிப்ஜிஎல் இருந்தும் இல்லாத கணக்குதான். டிபிகேஜில (பொதி நிறுவுற கருவி) ஐ386-ங்கற 32 பிட் வகையைச் சேத்து, ஆப்ட் அப்டேட் குடுத்து, லிப்ஜிஎல்1:ஐ386 போடுங்க. டிரைவரோட 32 பிட் பகுதியையும் விட்டுடாதீங்க. பழைய வழிகாட்டியில இருக்கற லிப்ஜிஎல்1-மெசா-ஜிஎல்எக்ஸ்ங்கற பேரைத் தேட வேண்டாம், டெபியன் வழி வந்த உபுண்டு 24.04-ல அந்தப் பேரே கிடையாது.

சொல்லுக்கு என் ஓட்டு: டிபெண்டன்சி. அப்படியே எழுதுங்க.

தஞ்சாவூர், புதன் காலை

அன்புள்ள அம்மையீர், மாணவி வாசித்ததே மரபு வாசிப்பு. 'சார்ந்துவரன் மரபின் மூன்றலங் கடையே' என்கிறார் தொல்காப்பியர். அந்த மூன்று குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். சார்பெழுத்து என்றால் சார்கின்ற எழுத்து. சாரப்படும் எழுத்து அன்று. 'நாகு' என்பதில் உகரம் சார்பு. அது ஏறி நிற்கும் ககர மெய் சார்பு அன்று. டிபெண்டன்சி என்று நீங்கள் சுட்டுவதோ அந்த ககர மெய்யை! கொடிக்கு வைக்கவேண்டிய பெயரைப் பந்தலுக்கு வைத்திருக்கிறீர்கள்.

என் பரிந்துரை அவாய்நிலை. ஒரு சொல் பொருள் முடிய இன்னொரு சொல்லை அவாவி நிற்பதை உரையாசிரியர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 'அவாய்நிலை நிரம்பவில்லை' என்று திரையில் வரட்டும். யாருக்கு ஐயம் வரும்?

கோவை, புதன் காலை, பத்து நிமிடம் கழித்து

எனக்கு வரும் ஐயா.

சென்னை, புதன் மதியம்

புலவர் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' என்ற குறளில் முதல் சார்புக்குப் பரிமேலழகர் என்ன சொல்கிறார்? எல்லாப் பொருட்கும் சார்பாகிய செம்பொருள் என்கிறார். அங்கே சார்பு பந்தல்தான், கொடி இல்லை. அடுத்த சொல்லிலேயே அதே சார்பு பற்றாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் வெட்டுகிற சொல் இது, அதை ஏன் தள்ளவேண்டும்? (சார்பு கெட ஒழுகுவது என்றால் லைப்ரரியையும் நிரலுக்குள்ளேயே கட்டிவிடும் ஸ்டாட்டிக் லிங்கிங் என்று எனக்குப் படுகிறது. யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

தஞ்சாவூர், புதன் மதியம்

இரண்டு பக்கமும் வெட்டும் என்றால் கலைச்சொல்லுக்கு ஆகாது என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

யாழ்ப்பாணம், புதன் பின்னேரம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் ஒண்டு இன்னொண்டில 'தங்கியிருக்குது' எண்டுதான் சொல்லுறம். பாடப்புத்தகத்திலயும் அப்பிடித்தான். தங்கியிருப்பு எண்டு வைச்சால் என்ன?

கோவை, புதன் மாலை

அண்ணா, இங்க தங்கியிருக்குன்னா எந்த லாட்ஜுலன்னு கேப்பாங்க.

யாழ்ப்பாணம், புதன் இரவு

தம்பி, டிரைவர், டிபெண்டன்சி எண்டு எழுதிப்போட்டு லாட்ஜைப் பற்றிக் கதைக்கிறீர். பஸ் ஓட்டுறவரையே நாங்கள் சாரதி எண்டுதான் சொல்லுறம்.

தஞ்சாவூர், புதன் இரவு

சாரதி வடசொல்.

திருநெல்வேலி, வியாழன் காலை

இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தேன். கொடி, பந்தல் என்று புலவர் ஐயா எழுதியதும் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் அவரைக்கொடிக்கு ஒரு கம்பு நட்டு வைப்போம், அதற்குப் பெயர் கொழுகொம்பு. 'கொழுகொம்பு இல்லை' என்றால் கொடி தரையில் கிடக்கிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மாணவி 'ஆம்' தட்டியிருக்க மாட்டாள்.

கோவை, வியாழன் காலை

இது நல்லாத்தான் இருக்கு. ஆனா டெபியன் பொதியில டிபெண்ட்ஸ், ரெக்கமெண்ட்ஸ், சஜஸ்ட்ஸ்னு மூணு படி இருக்கே அக்கா. கட்டாயக் கொழுகொம்பு, இருந்தா நல்ல கொழுகொம்பு, ஆசைக்கு ஒரு கொழுகொம்பா? ரெண்டு பொதி ஒண்ணையொண்ணு கேட்டா என்ன பண்ணுவீங்க? ரெண்டு கம்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுமா?

தஞ்சாவூர், வியாழன் மதியம்

சொல் பொருத்தமே, ஆயினும் உருவகம். ஒரு பொதியை நீக்கினால் அதற்காக வந்தவையும் நீங்குமாமே, அதற்கு என்ன சொல்வீர்கள்? நன்னூலார் 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்றார். உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் தான் ஏறிய மெய்யை விட்டு நீங்கும் என்பது பொருள். இலக்கணத்திலேயே எல்லாம் இருக்கிறது.

கோவை, வியாழன் மதியம்

அது தானா ஓடாதுங்க ஐயா, ஆட்டோரிமூவ்னு நாமதான் வெரட்டணும்.

சென்னை, வியாழன் இரவு

அச்சுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. இதுவரை வந்த ஓட்டு: 'தேவைப்பொதி' மூன்று (இன்று பிற்பகல் யாரோ போகிறபோக்கில் போட்ட சொல், அதற்குத்தான் அதிகம்), சார்பு இரண்டு, கொழுகொம்பு இரண்டு, தங்கியிருப்பு ஒன்று, அவாய்நிலை ஒன்று. ஹெடரும் லைப்ரரியும் பொதியாகத்தானே வருகின்றன, தேவைப்பொதி என்றே போகலாமே? ரிசால்வ் செய்வதற்கு (வேண்டிய பொதிகளைத் தேடிச் சேர்ப்பதற்கு) 'தீர்த்தல்' மட்டும் வேண்டாம் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டீர்கள். 'சார்பைத் தீர்த்துவிட்டேன்' என்றால் ஆளைத் தீர்த்துக்கட்டியது போலத்தான் இருக்கிறது.

மதுரை, வெள்ளி மாலை

அனைவருக்கும் நன்றி. கணினி எழுந்துவிட்டது, கோவைத் தம்பிக்குத் தனி நன்றி. தேவைப்பொதியைச் சொற்பட்டியலில் போட்டேன். அடைப்புக்குள் டிபெண்டன்சி. ஸ்கிரிப்டில் மட்டும் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று இப்படி மாற்றிவிட்டேன்: 'இந்தப் பொதிகள் தேவை, ஆனால் காணோம்: ... இவை இல்லாமல் டிரைவர் ஓடாது.' தொடரலாமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டேன். அந்த மாணவியிடம் காட்டினேன். "இதை முதல்லயே எழுதியிருக்கலாமே மிஸ்" என்றாள்.

தஞ்சாவூர், வெள்ளி, இரவு பதினொன்றரை

அச்சுக்குப் போய்விட்டதா? 'காணோம்' தன்மைப் பன்மை எதிர்மறை வினை. நாம் காணோம் என்று பொருள். இங்கே அந்த 'நாம்' யார்? கணினி தன்னைப் பன்மையில் சொல்லிக்கொள்கிறதா, அல்லது மாணவியையும் உளப்படுத்துகிறதா? அவாய்நிலையை நான் கைவிடவில்லை.