செட்டிநாட்டு வீட்டு வெளிச்சுவர்ப் பூச்சை மாற்ற என்ன செலவாகும்? அனுபவப் பகிர்வு

கேள்வி: பங்கு வீட்டுக்காரர், கானாடுகாத்தான்

பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில் சந்துப் பக்கத்து வடக்குச் சுவர். நீளம் 60 அடி, உயரம் 14 அடி, நாலு ஜன்னல். பழைய காரைப் பூச்சின் (சுண்ணாம்பு, மணல் கலவை) மேல் பிற்பாடு சிமெண்ட் பூசியிருக்கிறது. இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, பாளம் பாளமாக விழுகிறது. ஒரு மேஸ்திரி சதுர அடிக்கு 50 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 110 சொல்கிறார். ஒரே சுவருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கட்டட மேஸ்திரி, காரைக்குடி

அய்யா, சுவர்தான் ஒன்று, வேலை வேறு. 50 என்பது சிமெண்ட் பூச்சு. 110 சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும். முதலில் அந்த 50 ரூபாய்க்குள் பழைய பூச்சைக் கொத்தி எடுக்கும் கூலியும் குப்பை அள்ளும் கூலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

அளவை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 60க்கு 14, 840 சதுர அடி. ஜன்னல் 3க்கு 5 என்றால் நாலுக்கும் 60 கழியும். ஆனால் ஜன்னல் குழிக்குள் முக்கால் அடி ஆழத்துக்குத் திரும்பும் ஓரங்களையும் பூச வேண்டும். சுற்றளவு 16 அடி, முக்கால் அடி ஆழம், ஒரு ஜன்னலுக்கு 12 சதுர அடி, நாலுக்கு 48. ஆக 828. எட்டேகால் சதுரம் என்று வையுங்கள். ஜன்னலைக் கழித்தே ஆகவேண்டும் என்று சண்டை போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை.

இனி ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்குச் சுண்ணாம்புக் கணக்கு. கொத்தனார் நாள் கூலி 1100, பெரியாள் 900, சித்தாள் 700 என்று வைத்துப் போடுகிறேன். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் அந்த எண்ணை மட்டும் மாற்றுங்கள், ஆள் கணக்கு மாறாது.

பழசைக் கொத்தி, தூசி தட்டி, சந்து முனைக்குக் கொண்டு போட ஒரு பெரியாள் ஒரு நாள், 900. செங்கல் இடுக்கைச் சுரண்டி, பொடிந்த கல்லை மாற்றி, இடுக்கு நிரப்பக் கொத்தனாரும் சித்தாளும் அரை நாள், 900. அடிப்பூச்சும் இரண்டாம் பூச்சும் ஒன்றரை நாள், 2700. மேலே வழவழப்பாக்கும் கடைசிப் பூச்சு ஒரு நாள், 1800. ஒரு வாரம் ஈரம் காட்டுவதற்குச் சித்தாள் மொத்தத்தில் அரை நாள், 350. கூலி மட்டும் 6650.

சாமான், சுட்ட சுண்ணாம்புக் கல் 40 கிலோ, கிலோ 15 என்றால் 600. மணல் 8 கன அடி, 65 வீதம் 520. காரையில் சேர்க்கும் கடுக்காய், வெல்லம் 230. சாரமும் சாக்கும் 500. ஆக 1850. இரண்டும் சேர்த்துச் சதுரத்துக்கு 8500, எட்டேகால் சதுரத்துக்கு ஏறக்குறைய 70,000. மேஸ்திரியின் மேற்பார்வைக்கு 20 சதவீதம் வைத்தால் சதுர அடி 102 ரூபாய் ஆகிறது. 110 சொன்னவர் உங்களை ஏமாற்றவில்லை.

மொத்தச் சாமான் வாங்கும்போது மணல் 66 கன அடி வரும், முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) சொல்லுங்கள். சுண்ணாம்புக் கல் 330 கிலோ. சுவர் மேடு பள்ளமாக இருந்தால் இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கையால் அறுத்த பழைய செங்கல் சுவரில் அது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கட்டடச் சீரமைப்புப் பொறியாளர், காரைக்குடி

மேஸ்திரி சொன்ன கணக்கு சரி. ஆனால் உப்பு ஏன் இடுப்பு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் பூசினால் அந்த 70,000 வீண்.

நம் வீடுகளின் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடிக் கனம். செங்கல் மெத்தென்று இருக்கும், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு. மண்ணிலிருந்து ஓதம் ஏறும், ஏறிய ஈரம் காரைப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது. அதோடு வந்த உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் படிகமாகி வீங்குகிறது. அதனால்தான் விழும் பாளத்தின் முதுகில் செங்கல் தோலும் ஒட்டி வருகிறது. அந்தப் பாளம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பாக, பொடியாக இருந்தால் சுவர் சதையை இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் கொத்தும் முன் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். மரக்கட்டையால் அடிக்கு ஒரு தட்டு. கணீரென்றால் பிடிப்பு இருக்கிறது. டொப்பென்றால் உள்ளே விட்டுவிட்டது. சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் எது கொத்த வேண்டியது, எது விடலாம் என்று படம் கிடைத்துவிடும். பழைய காரை கணீரென்று இருக்கும் இடத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதைப் போன்ற பூச்சு திரும்பக் கிடைப்பது கஷ்டம். சிமெண்ட் இருக்கும் இடத்தை மட்டும் முழுக்க எடுங்கள்.

அடுத்தது தண்ணீர். சந்தில் வருஷா வருஷம் கான்கிரீட் போட்டுப் போட்டுத் தரை உயர்ந்திருக்கும். பழைய கருங்கல் அடிவரிசை மண்ணுக்குள் போயிருந்தால், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு அந்தக் கான்கிரீட்டை உடைத்து, தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்கி, சரிவு வெளிப்பக்கம் போகும்படி விட வேண்டும். ஓட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய் சுவரோடு ஒட்டி ஒழுகுகிறதா, கைப்பிடிச் சுவரின் உச்சியில் வெடிப்பு இருக்கிறதா என்று மழை நாளில் குடையோடு நின்று பாருங்கள். இந்த வேலைக்குத் தனியாகப் பணம் ஒதுக்காதவர்கள் இரண்டு மழையில் பூச்சை மறுபடி பார்க்கிறார்கள்.

இன்னொன்று, சந்துப் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடுகிறார்கள். பர்மா தேக்கு உத்திரத்தின் நுனி அந்தச் சுவருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவர் ஈரமாகவே இருந்தால் நுனி உளுத்துப் போகும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பூச்சுச் செலவு ஒன்றுமே இல்லை.

கொத்தியதும் உடனே பூசாதீர்கள். நனைந்த சுவர் ஒரு அங்குலம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. தை மாதம் கொத்துங்கள், மேல் பத்தடியை மாசியில் பூசிவிடலாம். கீழ் நாலடியைப் பங்குனி, சித்திரை வெயில் முழுக்கத் திறந்து விடுங்கள். வெளியே பூக்கும் உப்பை வாரம் ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஆனியில் கீழ்ப்பகுதியைப் பூசினால் ஐப்பசி மழைக்கு முன் மூன்று நாலு மாதம் இறுக நேரம் இருக்கும். சுண்ணாம்பு காற்றை உறிஞ்சித்தான் கல்லாகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனால் பெரிது.

சுண்ணாம்பு வேலைக் கொத்தனார், பள்ளத்தூர்

அண்ணே, பூச்சு கெடுவது சுவரில் இல்லை, தொட்டியிலேயே கெட்டுவிடுகிறது. அதைச் சொல்கிறேன்.

சுட்ட கல்லை முதலில் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உஸ்ஸென்று இரைந்து கொதிக்கும், ஆவி கிளம்பும், தெறிக்கும். கண்ணாடி போடாமல் அந்தப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளை விடவே கூடாது. கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொதி அடங்கியதும் கலக்கி, சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். குறைந்தது 15 நாள், ஒரு மாதம் கிடந்தால் நல்லது. கரணையைச் செருகி எடுத்தால் வெண்ணெய் மாதிரி ஒட்டி வர வேண்டும். வடிக்காமல், ஊறாமல் பூசினால் உள்ளே நீராத பருக்கை இருக்கும். பூசி மாதம் கழித்துக்கூட ஈரம் பட்டதும் வெடித்து, சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி விழும். அதைத் திருத்த வழி கிடையாது, கொத்தித்தான் எடுக்க வேண்டும். கடையில் மூட்டையில் வரும் நீர்த்த சுண்ணாம்புப் பொடியை வாங்கினால் புதுச் சரக்கா என்று கேளுங்கள். நாள்பட்ட மூட்டை காற்றுப் பட்டுச் சத்துப் போயிருக்கும்.

அடிப்பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மணல் கரகரவென்று இருக்க வேண்டும். எம் சாண்ட் என்றால் கழுவிய சரக்கு. மாவு கலந்த மணலால்தான் பாதி வெடிப்பு வருகிறது. கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளித்த தண்ணீரில் குழைப்போம். காரை அரைக்கும் அரவை இருந்தால் அரைத்தது, இல்லாவிட்டால் மிக்சரில் 20 நிமிஷமாவது ஓட வேண்டும். மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டுவது காரையே இல்லை.

சுவரை முந்தின நாள் சாயங்காலமும் பூசும் காலையிலும் நனைக்க வேண்டும். நனைக்காத சுவர் காரையின் தண்ணீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும், பிறகு தட்டினால் தகடாக வரும். முதல் கோட் 10 மில்லிமீட்டர் கனம், கரணையால் வீசி அடித்து, மேலே கீறி விட வேண்டும். ஐந்தாறு நாள் கழித்து, நகம் அழுந்தாத பதம் வந்ததும் இரண்டாவது கோட், இன்னொரு 10 மில்லி. மட்டப்பலகை இழுத்து மணியாசுக் கட்டையால் (தேய்ப்புப் பலகை) அழுத்தித் தேய்க்க வேண்டும். மயிரிழை வெடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் காட்டித் திரும்பத் தேய்த்தால் மூடிக்கொள்ளும். மேல் கோட் 3 மில்லி, சலித்த மணலும் சுண்ணாம்பும் சரிபாதி. ஈரச் சாக்கைச் சாரத்தில் கட்டி வெயில் படாமல் ஒரு வாரம் காக்க வேண்டும். இந்த ஒரு வாரத்தில்தான் முதலாளிமார் அவசரப்படுகிறார்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று காரையில் ஒரு சட்டி சிமெண்ட் கலப்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய காரை சாம்பல் சாயல் அடித்தால் கலந்திருக்கலாம். மறுநாளே ஆணி கீறாமல் கல்லாக நின்றாலும் அதுதான்.

பங்குதாரர், தேவகோட்டை

வெளிச்சுவருக்கும் முட்டைப் பூச்சுப் பூசி, உள்ளே பட்டாலைக் கூடத்துத் தூண் போலப் பளபளவென்று ஆக்கலாமா?

சுண்ணாம்பு வேலைக் கொத்தனார், பள்ளத்தூர்

ஆச்சி, முழுச் சுவருக்கு வேண்டாம். அது கிளிஞ்சல் சுண்ணாம்பை மை போல அரைத்து, முட்டை வெள்ளைக்கருவோடு மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்றி, ஈரம் போகும் முன் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து எடுக்கும் வேலை. கையகல இடத்தைத் தேய்த்து முடிக்கவே நேரம் ஓடிவிடும். வெயிலும் சாரலும் படாத முகப்புத் தூணுக்கு மட்டும் செய்யுங்கள். அதை அடிக் கணக்கில் பேச வேண்டாம், தூணுக்கு இத்தனை நாள் என்று நாள் கூலியில் விடுங்கள்.

சுதை வேலைக்காரர், கோட்டையூர்

முகப்புப் பக்கமும் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுதையில், அதாவது சுண்ணாம்புக் காரையில் செய்த பொம்மை, மாலை, கொடி, கஜலட்சுமி இருக்கும் இடத்தைச் சதுர அடியில் சேர்க்காதீர்கள். வரிவரியாக ஓடும் பட்டைக்கு நீள அடிக் கணக்கு, சிலைக்கு ஒன்று இவ்வளவு என்று தனி விலை. பட்டைக்கு முதலில் உடையாத இடத்தில் அட்டை வைத்து வடிவம் எடுத்து, தகரத்தில் வெட்டி, மரச்சட்டத்தில் அடித்து அச்சுச் செய்ய வேண்டும். அந்த அச்சை இழுத்தால்தான் பழைய கோடும் புதுக் கோடும் சேரும். கையால் வெட்டியது வெயில் சாய்ந்து விழும்போது வளைவாகத் தெரியும்.

முகம் மழுங்கிய சிலை எல்லாம் உடைந்த சிலை இல்லை. பல வருஷத்து வெள்ளை அடுக்கடுக்காக ஏறி மூக்கையும் கண்ணையும் மூடியிருக்கும். மூங்கில் சீவுளால் மெல்லச் சுரண்டினாலே பழைய முகம் வந்துவிடும். இரும்பு பிரஷ் போட்டால் முகமே போய்விடும். கொத்து வேலை தொடங்கும் முன் சிலைகளைச் சாக்கால் மூடிக் கட்டச் சொல்லுங்கள்.

கட்டட மேஸ்திரி, காரைக்குடி

விட்டுப்போன செலவுகள். சந்து நாலடிக்குக் குறைவென்றால் சாரம் கால் பரப்பி நிற்காது, குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும், சாரக் கூலி ஒன்றரை மடங்கு ஆகும். பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டுக் கொடுப்பதால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொத்திய குப்பை 828 சதுர அடிக்கு ஒரு அங்குலக் கனம் என்றாலும் 69 கன அடி, அள்ளும்போது உதிர்ந்து 100 தாண்டும். டிராக்டர் ஒரு நடை. அதில் சிமெண்ட் கலக்காத பழைய காரையைத் தனியே குவித்துச் சலித்தால் இடுக்கு நிரப்ப உதவும், உப்புப் பிடித்த கீழ்ப்பகுதிக் காரையை மட்டும் சேர்க்க வேண்டாம்.

பங்கு வீடென்றால் பேச்சை எழுத்தில் வையுங்கள். வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது, பங்கு வீதம் பணம். பல பங்காளிகள் வெளியூரில் இருப்பார்கள், அதனால் கொத்துவதற்கு முன் ஒரு படம், கொத்திய பின் வெறும் செங்கலோடு ஒரு படம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படம் அனுப்பிவிட்டால் பிறகு கேள்வி வராது. தாளில் எழுத வேண்டியவை: சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, கலவைப் பங்கு, எத்தனை கோட், சிமெண்ட் கலக்கக் கூடாது, ஈரம் காட்டுவது யார் பொறுப்பு. பணத்தை வேலை முடிந்த அளவுக்குக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வையுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குச் சம்மதிப்பார்.

பங்கு வீட்டுக்காரர், கானாடுகாத்தான்

கடைசியாக, மேலே எமல்ஷன் அடிக்கலாமா? பெயிண்ட் கடையில் ஈரம் தாங்கும் சரக்கு என்கிறார்கள்.

பழைய கட்டடச் சீரமைப்புப் பொறியாளர், காரைக்குடி

வேண்டாம் அய்யா. சிமெண்ட்டை எடுத்துத் திறந்த வழியை பிளாஸ்டிக் தோலால் திரும்ப அடைப்பதாகிவிடும். வெள்ளையே அடியுங்கள். அதே ஊறிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடித்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு மூன்று கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். அது தெரியாமல் கெட்டியாக அடித்தால் பொரி பொரியாக உரியும். கையில் வெள்ளை ஒட்டக் கூடாதென்றால் கடைசிக் கையில் வஜ்ஜிரப் பசை (தச்சு வேலைக்குப் போடும் பசை) கொஞ்சம் சேர்க்கலாம். கீழ் நாலடியில் மட்டும் பசை சேர்க்காமல், வருஷா வருஷம் தைக்கு முன் ஒரு கை அடித்து வாருங்கள். மிச்சம் இருக்கும் உப்பு அந்த வெள்ளையோடு உதிரும், பூச்சு தப்பும்.